மேனேஜர் எழுதிய சீட்டு

தைத்து முடித்த சட்டையை நசுருதீன் ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடிப்பார். மூக்கு துணியில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து காலர் ஓரத்தை நூல் நூலாகப் பார்ப்பார். பிறகு அதைத் தைத்தவளின் மெஷின் மேலேயே எறிவார். "இன்னா தையல் இது? எருமை நடந்த மாரி இருக்குது. கண்ண ஊட்ல வெச்சிட்டு வந்தியா?" பதினாறு மெஷின்களும் ஒரு கணம் நின்று மறுபடி ஓடும்.

செஞ்சி பஜாரின் பின்தெருவில் சம்பந்தம் முதலாளியின் சீருடைக் கம்பெனி அது. நசுருதீன் அங்கே தையல்காரராகச் சேர்ந்தவர். அவர் வைத்த காலர் எத்தனை சலவை கண்டாலும் மடங்காது. அதைப் பார்த்துத்தான் முதலாளி எண்பத்து நான்காம் வருஷம் அவரை மேனேஜர் ஆக்கினார். துணியிடம் இருந்த பொறுமை அவருக்கு ஆட்களிடம் வரவில்லை. அதைச் சொல்லிக்கொடுக்கவும் யாருமில்லை. "நான் திட்டு வாங்கித்தான் தொழில் கத்துக்கினேன்" என்பார்.

கட்டிங் மேஜை சாகிராவுடையது. அவள் வெட்டினால் ஒரு கைக்குட்டைத் துணிகூட வீணாகாது. அவள் வெட்டுக்காகவே இரண்டு பள்ளிக்கூடங்கள் ஆர்டர் தந்தன.

எண்பத்தாறு ஜூனில் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து நூற்றிருபது சட்டைகள் கழுத்து பிடிக்கிறது என்று மூட்டையாகத் திரும்பி வந்தன. நசுருதீன் மூட்டையை அவள் மேஜை மேல் அவிழ்த்துக் கொட்டினார்.

"பத்தாவது படிச்ச பொண்ணுன்னு சேத்துக்கினேன். நம்பர் படிக்கத் தெரியலயா உனக்கு? கத்திரிய வெச்சிட்டுப் போய்க் காய் நறுக்கு."

சாகிரா கத்தரியை உறையில் போட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் அவர் அளவு நோட்டைப் புரட்டினார். பள்ளிக்கூடம் கொடுத்த கழுத்தளவு பதின்மூன்று அங்குலம். சாகிராவுக்கு எழுதிய சீட்டின் கார்பன் நகலில், அவருடைய கையெழுத்திலேயே, பன்னிரண்டு என்றிருந்தது. காது மடல் இரண்டும் சுட்டன. நோட்டை மூடி வைத்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

சாகிராவை ஏசியதைப் பார்த்து, நன்றாகத் தைக்கிற நான்கு பேர் அடுத்த வாரமே வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். முதலாளி ஆள் பிடித்துவரச் சொன்னார். அவலூர்பேட்டையில் பொன்னுசாமி என்றொரு கட்டிங்காரர் இருப்பதாகக் கேள்விப்பட்டு நசுருதீன் போனார். கூடுதல் சம்பளம் தருவதாகச் சொன்னார்.

பொன்னுசாமி நிதானமாகத் தலையாட்டினார். "உங்க வேலயப் பத்தி எனக்குத் தெரியும் பாய். உங்க வாயப் பத்தி இந்தச் சுத்துவட்டாரத்துக்கே தெரியும். எனக்கு வேணாம்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் காலியாகத்தான் இருந்தது. அவர் நின்றுகொண்டே வந்தார்.

மறுநாள் காலையில் மெஷின்களை நிறுத்தச் சொன்னார். வசவுக்குத் தயாராகப் பெண்கள் குனிந்துகொண்டார்கள். "அந்தக் கழுத்து அளவு நான் எழுதனதுதான் தப்பு. சாகிரா மேல ஒண்ணும் இல்ல."

நூல் பிசிர் நறுக்கிக்கொண்டிருந்த, அங்கிருந்தவர்களில் மூத்த விருத்தாம்பாள் நிமிரவில்லை. "எங்ககிட்ட சொல்லி இன்னா பாய்? அந்தப் பொண்ணாண்ட போய்ச் சொல்லு."

சாகிரா பக்கத்து ஊரான அனந்தபுரத்தில் தன் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டிருந்தாள். பக்கத்துவீட்டுப் பெண்ணொருத்தி தைத்த சட்டைக் கை கோணிப்போயிருந்தது. சாகிரா அவளருகே உட்கார்ந்து, பேசிக்கொண்டே தையலைத் தானே பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நசுருதீன் வாசலில் நின்று அதையே பார்த்தார். சாகிரா கவனித்து எழுந்ததும், வந்த விஷயத்தைச் சொன்னார்.

"தெரியும்ண்ணே. உங்க சீட்டு என் மேஜை மேலதான இருந்துச்சு."

"அப்பவே எடுத்துக் காட்டியிருக்கலாமேம்மா."

"அத்தினி பேர் எதிர்ல எப்டிண்ணே காட்றது? நீங்க மேனேஜர். அப்புறம் உங்க பேச்ச யார் கேப்பாங்க?"

நசுருதீன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். "திரும்பி வந்துர்றியா?" என்று கேட்டபோது அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"இல்லண்ணே, இங்கயே வேல வருது. அங்க இருக்கறவங்களையாவது, தப்பு பண்ணா தனியாக் கூப்ட்டு சொல்லுங்க. கத்துக்குவாங்க." உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். "வெயில்ல வந்திருக்கீங்க, குடிங்க."

இரண்டு கைகளாலும் வாங்கினார். அண்ணாந்தால்தான் குடிக்க முடியும். அவர் தலை நிமிரவில்லை. சொம்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.