கஞ்சாக் கடைக்குச் சீல் வைப்பவனின் பெரியம்மா

நோர்வேயில், ஸ்டோவ்னரில் எங்கள் மாடிக் கட்டடத்து லிப்டில் கிழமைக்கு இரண்டு தரமாவது கஞ்சா மணக்கும். உள்ளே நிற்கும் நோர்வேக்காரர் கதவையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். யாரும் மூக்கைச் சுளிப்பதில்லை. இந்த நாட்டில் அது இன்னும் குற்றம்தான். ஆனால் லிப்டில் பக்கத்தில் நிற்பவரோடு கதைப்பது அதைவிடப் பெரிய குற்றம் போலிருக்கிறது. நான் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏழாம் மாடி வரை போவேன். என் மகன் ஆதவனின் வாழ்க்கை திசைமாறியது இந்தச் சாமானால்தான்.

என் தங்கை மதி ரொறன்ரோவில் இருக்கிறாள். கொழும்பில் ஒரே லொட்ஜில், ஒரே ஏஜென்றை நம்பி இருவரும் காத்திருந்தோம். அவளுக்குக் கனடா சரிவந்தது, எனக்கு நோர்வே. அன்றைக்கு அதில் பொறாமைப்பட எனக்கு எதுவும் தெரியவில்லை. இப்போது ஞாயிறு தவறாமல் படுகிறேன். அங்கே கஞ்சாவைச் சட்டப்படி கடையில் வாங்கலாம். ஆனாலும் வரி கட்டாமல் மலிவாக விற்கும் அனுமதியில்லாத கடைகள் ஓயவில்லை. சீருடை போட்டுக்கொண்டு அவற்றைத் தேடிப் பிடித்துச் சீல் வைப்பதுதான் மதியின் மகன் கஜனுக்கு உத்தியோகம். ஞாயிறுகளில் மதி வீடியோவில் வந்தால் அந்தக் கதைதான்.

"அக்கா, போன கிழமை பூட்டின கடையை வேற பேரிலை திறந்திட்டாங்களாம். இவன் திரும்பப் போய்ப் பூட்டினவன். வரிசையிலை நிண்டதுகள், திரும்பத் திறக்க எவ்வளவு நேரம் எடுக்கும் எண்டு இவனையே கேட்டதுகளாம்!"

நான் வாய்நிறையச் சிரிப்பேன். வயிறு பற்றி எரியும். அப்படியொரு சீருடை போட, பொலிஸாக வரத்தான் ஆதவனும் சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்டான்.

பத்தொன்பது வயதில், கடைத்தொகுதிக்குப் பின்னால் நண்பர்களோடு நின்றபோது அவனுடைய ஜாக்கெட் பையில் ஒரு சிறு கஞ்சாத் துண்டு பொலிஸுக்கு அகப்பட்டது. பொலிஸ் நிலையத்தில் ஃபோரெலெக் என்று ஒரு தாளை நீட்டினார்கள். தண்டத்தை ஏற்றுக் கையெழுத்து வைத்தால் நீதிமன்றம் போகாமல் விஷயம் முடியும். நானும் கூடப் போயிருந்தேன். பொலிஸ்காரி, ஆதவனைவிட நாலைந்து வயதுதான் மூப்பு, "யோசிக்க நேரம் வேண்டுமா? வக்கீலிடமும் கேட்கலாம்," என்று நோர்வேஜிய மொழியில் மெதுவாகச் சொன்னாள். சீருடை போட்டவர் இரங்கிக் கதைத்தால் அதற்குள் ஏதோ பொறி இருக்கும் என்று சோதனைச் சாவடிகளில் பழகிய மனம் என்னுடையது. அதைவிடப் பெரிய பயம், பக்கத்து லோறென்ஸ்கூக்கில் வசதியாக வீடு வாங்கியிருக்கும் எங்கள் தமிழாட்களின் காதுக்கு எட்டிவிடும் என்பது.

"நாங்கள் பிரச்சினை பண்ணுகிற ஆட்கள் இல்லை," என்றேன் அவளிடம்.

"பிரச்சினை இல்லை, இது அவருடைய உரிமை," என்றாள். எனக்கு அது ஏறவில்லை.

"வைச்சுக் குடு தம்பி, ஒருத்தருக்கும் தெரியாமல் முடியட்டும்," என்று ஆதவனிடம் திரும்பினேன்.

வைத்தான். ஒருவருக்கும் தெரியாமல்தான் முடிந்தது, பொலிஸ் பதிவேட்டைத் தவிர. கையெழுத்து வைத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாம். பொலிஸ் படிப்புக்கு விண்ணப்பித்தபோது அது முன்னால் வந்து நின்றது. வைக்காமல் இருந்திருந்தால், வழக்குப் போடாமல் நிபந்தனையோடு விட்டுவிடும்படி கேட்டுப் பார்த்திருக்கலாம் என்று பிறகு ஒரு வக்கீல் சொன்னார். ஆதவன் இப்போது பார்சல் வான் ஓட்டுகிறான். என்னை ஒரு சொல் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறியிருப்பேன்.

இந்தக் கோடையில் கஜன் எங்களிடம் வந்தான். லிப்டுக்குள்ளேயே மணந்து பார்த்தான். "எங்கடை ஊர்க் கள்ளக்கடை மாதிரியே மணக்குது பெரியம்மா." அவனுக்கு 'எங்கடை ஊர்' என்றால் ரொறன்ரோ. வீட்டில் தேத்தண்ணீர் குடிக்கும்போது சாதாரணமாகச் சொன்னான்:

"நானும் கஞ்சா பத்தினனான். சட்டம் வாறதுக்கு முந்தி ஒருக்காப் பிடிபட்டும் இருக்கிறன். எச்சரிச்சு விட்டிட்டாங்கள். வேலைக்கு எடுக்கேக்கை உண்மையைச் சொன்னனான்."

ஞாயிறு ஞாயிறாக இவ்வளவு கதைத்த மதி இதை மட்டும் சொன்னதில்லை. ஆதவன் சிரித்தான். எனக்கோ, சொந்தப் பிள்ளையாய்ப் பார்க்கவேண்டிய தங்கை பிள்ளைமேல் ஆத்திரம் வந்தது. இரண்டு பிள்ளைகளும் செய்தது ஒரே பிழை. அந்த ஏஜென்ற் எங்களை நாடு மாற்றி அனுப்பியிருந்தால் என்று கூசாமல் நினைத்தேன்.

போகிற அன்று கஜன், பயிற்சிக் காலத்தில் தான் போட்ட தொப்பியை ஆதவனுக்குக் கொடுத்தான். ஆதவன் பல்கனியில் நின்று போட்டுப் பார்த்தான்.

"அம்மா, ஒரு படம் எடுங்கோ. சித்திக்கு அனுப்பாதேங்கோ."

அனுப்பவில்லை. தொப்பியில் மதியின் நாட்டுப் பெயர், பின்னால் ஸ்டோவ்னர் மாடிகள், நடுவில் என் பிள்ளை, முதுகை நிமிர்த்திக்கொண்டு. அடிக்கடி போனில் எடுத்துப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழைப்பு வந்து, அவனுடைய முகத்தை மறைத்துக்கொண்டு மதியின் முகம் சிரிக்கிறது.