தண்ணீர் போகாத தரை

இந்த நாட்டுக் குளியலறைத் தரையில் தண்ணீர் போக ஓர் ஓட்டைகூடக் கிடையாது. லீட்ஸ் நகருக்கு வந்த முதல் நாள், வாளியும் கப்புமாக நான் அதைத் தேடியதைப் பார்த்து என் கணவர் செந்தில் சிரித்தார். குளியல் தொட்டிக்குள் நின்று குளிக்க வேண்டுமாம். வெளியே சிந்தக் கூடாதாம். நல்ல கூத்து! மதுரை தெற்குவாசலில் பிறந்தவளுக்கு, உட்கார்ந்து தலையோடு ஊற்றினால்தான் குளித்த மாதிரி இருக்கும். நான் தொட்டிக்கு வெளியே மணை போட்டே குளித்தேன்.

மூன்றாம் மாதம் பூச்சி வந்தது. பழைய புத்தகத்துக்குள் வெள்ளியாய் மின்னி ஓடுமே, ராமபாணப் பூச்சி, அதேதான். தொட்டிக்கு அடியில் பத்து, சமையல்கட்டில் இருபது. ஹீட்டரைப் பார்க்க வந்த வீட்டுச் சொந்தக்காரர் முகம் சுளித்தார். "மாதக் கடைசியில் வருவேன். அப்போதும் பூச்சி இருந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும்" என்று தன்மையாகச் சொன்னார். அந்தத் தன்மைதான் என்னை மிரட்டியது. எனக்கு அப்போது ஏழு மாதம். வெளியே பனி. பிள்ளையைப் பெற்றுக்கொண்டு எந்தத் தெருவில் போய் நிற்பது?

கீழ்வீட்டு டோரத்தி மேல்தான் எனக்குச் சந்தேகம். தனியாக இருக்கும் வயசான அம்மாள், மூன்று பூனை, வீடு முழுக்கக் கார்பெட். தரை தண்ணீரைப் பார்த்து எத்தனை வருசமோ! அங்கிருந்துதான் ஏறி வருகிறது என்று முடிவுகட்டி, படியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மதுரைக்குப் போன் போட்டு அழுதேன். "அடியே செல்வி, பூச்சிக்கா பயப்படுற? பினாயிலை ஊத்தி, ரெண்டு வாளித் தண்ணி அடிச்சுக் கழுவி விடுடி. எம்புட்டுப் பூச்சியா இருந்தாலும் ஓடிப்போகும்" என்றாள் அம்மா. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. வெள்ளிக்கிழமைதோறும் அம்மா நடுக்கூடத்திலிருந்து வாசல்வரை தண்ணீரை வாரியடிப்பாள். நானும் தங்கச்சியும் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டே போவோம். மதுரை வெயிலுக்குக் கால் மணியில் தரை காய்ந்து கிடக்கும். கழுவாத வீட்டில்தான் பூச்சி அண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

ஆகவே கழுவினேன். கழுவக் கழுவப் பூச்சி பெருகியது. மாதக் கடைசி நெருங்க நெருங்கத் தூக்கம் போனது. இரண்டு வேளையும் கழுவினேன். "இம்புட்டுத் தண்ணி வேணுமா?" என்று கேட்ட செந்திலிடம், "அழுக்குல கிடக்கச் சொல்றீங்களா?" என்று எரிந்து விழுந்தேன்.

வீட்டுக்காரர் வந்தார், டோரத்தியையும் கூட்டிக்கொண்டு. "தரையில் தண்ணீர் ஊற்றுவீர்களா?" என்று கேட்டார். பாராட்டப் போகிறார் என்று நினைத்து, "தினமும் இரண்டு வேளை, இரண்டு வாளி" என்றேன் பெருமையாக. அவர் என்னைக் கீழ்வீட்டுக்கு அழைத்துப் போனார். டோரத்தியின் கட்டிலுக்கு மேலே கூரை பழுப்பேறி ஊறிப்போயிருந்தது. மெத்தைமேல் வைத்த பாத்திரத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. சுவரெல்லாம் அதே பூச்சி. ஈரத்துக்குத்தான் அது வரும் என்றார் வீட்டுக்காரர். அடக்கடவுளே, அத்தனையையும் வளர்த்தவள் நான்தான்!

"இந்த நிலைமையில் இவளை எங்கே அனுப்புவது? தண்ணீரை நிறுத்தச் சொல்லுங்கள், போதும்" என்றாள் டோரத்தி, என் முகத்தைப் பார்க்காமலே. வெட்கத்தில் செத்தேன்.

குளிர்நாட்டுக்குக் கிளம்பும் தங்கச்சிமாரே, தொட்டிக்குள் நின்றே குளியுங்கள். சிந்தியதை உடனே துடையுங்கள். குளிர்ந்தாலும் ஜன்னலைச் சற்றுத் திறந்து வையுங்கள். நான் அப்படிச் செய்ததில் ஒரு மாதத்தில் பூச்சி ஒழிந்தது. என் மகள் அந்த வீட்டுக்குத்தான் வந்து சேர்ந்தாள்.

அவளுக்கு இரண்டு வயதானபோது மதுரைக்குப் போனோம். வெள்ளிக்கிழமை காலை, அம்மா வாளியைத் தூக்கி நடுக்கூடத்தில் சாய்த்தாள்.

"ஊத்தாதம்மா! கீழ சொட்டும்!" என்று அலறி, தோளில் கிடந்த துண்டைத் தரையில் போட்டு மண்டியிட்டேன்.

அம்மா வெறும் வாளியோடு என்னையே பார்த்தாள். "கீழ யாருடி இருக்கா? மண்ணுதான இருக்கு."

துண்டை அழுத்திப் பிடித்தபடி அப்படியே இருந்தேன். தண்ணீர் என்னைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனது.