செத்துப்போன குதிரை

எங்கள் தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவருக்குச் செஸ்ஸில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு. பழுது பார்க்க வந்தவர்களின் கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டு, அவர்களோடே ஆடி ஜெயித்து வளர்த்த நினைப்பு அது.

கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடும் கிராண்ட்மாஸ்டர் ஒருவர் ஊருக்கு வந்ததும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார். "கண்ணு விஷயமெல்லாம் எங்கிட்ட விடுங்க" என்று கறுப்புத் துணியை நாலாக மடித்துத் தானே கட்டியும் விட்டார். பாதி ஆட்டத்தில், வெட்டுப்பட்ட தன் குதிரையைச் சத்தமில்லாமல் பலகையில் ஏற்றினார் இந்த மகா மேதை. நகர்த்துவதை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டுமே! "குதிரை, எஃப் அஞ்சு" என்றார்.

"அந்தக் குதிரை அப்பவே செத்துப்போச்சே சார்" என்றார் கிராண்ட்மாஸ்டர்.

கடைக்காரர் வீட்டுக்கு வந்து, "துணி மெல்லிசு, அவன் எல்லாத்தையும் பாத்துட்டான்" என்று குதித்தார்.

"கட்டினதே நீங்கதானே?" என்றார் மனைவி.