தோளா, கையா

மூக்குக்கண்ணாடிக் கடையில் சட்டத்துக்குள் வில்லையைப் பொருத்துவது அவளுடைய வேலை. விடுமுறை நாட்களில் கால்பந்து நடுவர். பள்ளி அணியில் ஆடியவள். முட்டி போன பிறகும் மைதானத்தை விட மனம் வராமல் விசிலை எடுத்துக்கொண்டாள். ஊரில் எல்லோருக்கும் அவள் ‘விசிலக்கா’. ஆட்டத்தில் திட்டு வாங்காத நாளே கிடையாது. அதையெல்லாம் துடைத்துப்போட்டுவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்கிவிடுவாள். அந்த வருடத்து இறுதிப் போட்டிவரை அப்படித்தான் இருந்தது.

துறைமுகத் தொழிலாளர் அணியும் ஆலை அணியும் ஆளுக்கொரு கோல் போட்டுச் சமமாக நின்றன. ஆட்டம் முடியப் போகும் நேரம். துறைமுக அணியின் கோல் முன்னால் உயரமாக வந்த பந்துக்கு ‘நெட்டை’ என்கிற தடுப்பாட்டக்காரன் எகிறினான். பந்து அவன்மேல் பட்டுத் திசைமாறியது. விரிந்த கையில் பட்டதை அவள் பார்த்தாள். யோசிப்பதற்குள் விசில் ஊதியாகிவிட்டது. பெனால்டி கோலானது, கோப்பை ஆலைக்குப் போனது.

கூட்டம் வேலியைச் சாய்த்துக்கொண்டு உள்ளே வந்தது. மைதானக் காவலாளி அவளை இழுத்துப்போய், வலைகளும் கொடிக்கம்புகளும் கிடக்கும் அறைக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டார். தகரக் கூரையில் கல் விழுந்தபடி இருந்தது. கதவு அதிர்ந்தது.

“வெளிய வாடி! கண்ணு என்ன புடணியிலயா இருக்கு?”

தெரிந்த குரல். போன வாரம் கண்ணாடியின் திருகு கழன்றுவிட்டதென்று கடைக்கு வந்து, “நல்லா இரும்மா” என்று வாழ்த்திவிட்டுப் போன கிரேன் ஓட்டுநர். கல்லைவிட அந்தக் குரலுக்குத்தான் அவள் அதிகம் பயந்தாள். போலீஸ் வந்து பின்வழியாக அழைத்துப்போகும்வரை வலைமேல் சுருண்டு உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் நெட்டை எகிறினான். ஒரு தடவை கையில் பட்டது, மறு தடவை தோளில் பட்டது; தோளென்றால் தவறே இல்லை.

“நான் ஊதினதாலதாங்க தோத்தாங்க,” என்றாள்.

கணவர் பேருந்து ஓட்டுநர். “காலி கோலைப் பாத்து ரெண்டு தடவை வெளிய அடிச்சானுங்களே, அதுவும் உன் கணக்கா?”

“அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு? கடைசியா ஊதினதுதான் காதுல நிக்கும்.”

அவர் எழுந்துபோய்ச் சன்னல் கொக்கியை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். அவருக்கும் பயம்தான் என்று அப்போது அவளுக்குப் புரிந்தது.

கடைக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எதுவும் வாங்கவில்லை. ஒவ்வொரு கண்ணாடியாகப் போட்டுக்கொண்டு அவளையே பார்த்தார்கள். ஒருவன் மெதுவாகக் கேட்டான்: “இதைப் போட்டா தோளுக்கும் கைக்கும் வித்தியாசம் தெரியுமா?” மற்றவர்கள் சிரித்தார்கள். வில்லை அவள் விரலிலிருந்து நழுவி விழுந்து உடைந்தது. சூடு தணியும்வரை வீட்டில் இருக்கிறாயா என்று முதலாளி கேட்டார். வீட்டில் தனியாக இருப்பதை நினைத்து, மாட்டேன் என்றாள்.

ஒரு நாள் முதலாளி டீ குடிக்கப் போயிருந்தார். கதவு திறந்தது. நெட்டை! உள்ளே வந்ததும் திரும்பிக் கதவைச் சாத்தினான். அவள் கை மேஜைமேல் திருப்புளியைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

“பயப்படாதீங்கக்கா. என்னைத் தொரத்திட்டு வர்றாங்களோன்னுதான் சாத்தினேன்,” என்றான். அவன் உதடு வீங்கியிருந்தது.

“யாரு?”

“எங்காளுங்கதான். தோள்னு சொன்னா உங்கமேல பாயறாங்க. கைன்னு சொன்னா என்மேல பாயறாங்க. தோள்னுதான் சொன்னேன். ஆனா ஒருத்தன் வீடியோ எடுத்திருக்கானாம், பொய் சொல்றேன்னு அடிக்கிறாங்க.” அவன் நாற்காலியில் சரிந்தான். “சத்தியமா எனக்கே தெரியலைக்கா. பந்து பட்டுச்சு, அவ்வளவுதான். நீங்க பாத்தீங்களா?”

தோள் மாதிரியும் இருந்தது என்று சொல்லிவிடலாம். அவன் பிழைத்துப்போவான். திருப்புளியைக் கீழே வைத்தாள்.

“கைதான். நான் பாத்தேன்.”

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டான். “அப்ப நான்தான் கெடுத்தேன்.”

“நீ கெடுத்த, நான் ஊதினேன், அவங்க காலி கோலை விட்டாங்க. எல்லாம் சேந்துதான் தோத்தீங்க. தண்ணி குடி.”

முதலாளி வந்ததும் அவனைப் பின்வாசல் வழியாக அனுப்பினார்கள். அந்த மாதமே அவன் வேறு ஊருக்கு வேலை தேடிப் போய்விட்டான். மறு ஆட்டம் வேண்டுமென்று துறைமுக அணி கேட்டதைக் கால்பந்துச் சங்கம் தள்ளிவிட்டது. வீடியோவில் கையும் தெரியவில்லை, தோளும் தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது.

அடுத்த பருவம் துறைமுக அணியின் ஆட்டத்துக்கே அவளைப் போட்டார்கள். “முடியாதுன்னு சொல்லிடு,” என்றார் கணவர். போனாள். ஆட்டம் தொடங்கிய உடனே பந்து கோட்டைத் தாண்டியது. துறைமுகக்காரன் கால்பட்டுத்தான் போனது. வேலியோரம் மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது. அவள் ஊதினாள். சத்தம் பாதிதான் வந்தது. மறுபடி ஊதிவிட்டு, பந்து எதிரணிக்கு என்று அந்தப் பக்கம் கையை நீட்டினாள்.