குரங்கு கடித்த கேபிள்

வைஃபை எங்கள் ஊருக்கு வந்த புதிதில், கிரிவலப் பாதையில் இருக்கும் ஒரு லாட்ஜுக்கு அதை மாட்டிக் கொடுத்தது நான்தான். அதுவரை டிவி ஆன்டெனா மாட்டிக்கொண்டிருந்தவன். இதிலும் ஒயர் இருக்கிறதே என்ற ஒரே தைரியம்.

கீழே ஆபீஸில் வைஃபை பெட்டி. அதிலிருந்து ஒரு கேபிள் மாடி வராண்டா நெடுக ஓடி, மொட்டைமாடி ஆன்டெனாவில் போய் முடியும். வராண்டாவை ஒட்டிய அறைகளிலும் சிக்னல் சுமாராகக் கிடைத்தது. எப்படி என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. என் திறமை என்று நினைத்துக்கொண்டேன்.

லாட்ஜ் மேனேஜரின் தங்கைக்கு அமெரிக்காவிலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு லீவு இல்லை, லேப்டாப்பிலேயே பெண் பார்ப்பதாக ஏற்பாடு. மாடியில் நடு அறையை ஒதுக்கினார்கள்.

"அண்ணே, நடுவுல படம் நின்னா அபசகுனம்னு எழுந்து போயிடும் அந்தப் பையனோட அம்மா. தங்கச்சிக்குப் பையன ரொம்பப் புடிச்சிருக்கு. பாத்துக்குங்க" என்றார் மேனேஜர்.

பாத்துக்கிட்டேன். பெண் பார்க்கும் அன்று மத்தியானம் போய்ப் பார்த்தால், கேபிளைக் குரங்குகள் அங்கங்கே கடித்து வைத்திருந்தன. கருப்புத் தோல் போய், உள்ளேயிருந்த செம்பு வலையும் பிய்ந்து கிடந்தது. அறைகளில் சிக்னல் சுமாராக இருப்பதற்கு இதுதான் காரணம் என்று புத்தம்புது கேபிளை இழுத்தேன். மொட்டைமாடியில் சிக்னல் பிய்த்துக்கொண்டு வந்தது. நடு அறையில் சுத்தமாகச் செத்துப்போயிருந்தது.

வாசலில் மாப்பிள்ளை வீட்டார் ஆட்டோவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"என்னாண்ணே பண்ணீங்க?"

"நல்லது பண்ணேன் தம்பி."

"பண்ணாதீங்க!"

கழற்றிப்போட்ட பழைய கேபிளையே மறுபடி மாட்டினேன். சிக்னல் வந்துவிட்டது! அந்த அவசரத்திலும் எனக்குக் குறுகுறுப்பு தாங்கவில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கேபிளை ஒட்டியே நடந்தேன். கடிபட்ட இடத்துக்குப் பக்கத்தில் போனால் சிக்னல் ஏறியது, தாண்டினால் இறங்கியது. செம்பு வலை முழுசாக இருந்தால் சிக்னல் உள்ளேயே அடங்கி மொட்டைமாடிக்குப் போய்விடும். கடித்த ஓட்டை வழியே கசிந்ததைத்தான் அறைகள் இத்தனை நாளும் குடித்துக்கொண்டிருந்தன. என் திறமையின் லட்சணம் அதுதான்.

இருந்ததிலேயே பெரிய கடி நடு அறை வாசலுக்கு நேராக வரும்படி கேபிளை இழுத்துக் கட்டினேன். மாப்பிள்ளை தெரிந்தார், பேசினார், கடைசிவரை படம் நிற்கவில்லை. பெண் வெட்கப்பட்டதுகூடத் தெளிவாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

சுரங்கப் பாதைகளுக்கு இப்படி வேண்டுமென்றே ஓட்டை வைத்த கேபிளைக் கம்பெனியிலேயே செய்கிறார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. அதற்குள் இன்னும் ரெண்டு லாட்ஜில் பேனாக்கத்தியால் நானே கேபிளைக் கடித்து வைத்திருந்தேன்.

கல்யாணத்தில் மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு லைன் அவ்வளவு நல்லா இருந்துச்சு, சார். நீங்கதான் போட்டீங்களாமே?"

"கேபிள் போட்டதுதாங்க நான். முக்கியமான வேலையெல்லாம் செஞ்சவங்க மொட்டைமாடியில இருக்காங்க."

"அடடா, அவங்களையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே!"

பக்கத்தில் மணப்பெண் தலையைக் குனிந்துகொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"கூப்பிட்டா வருவாங்க. பந்தி தாங்காது" என்றேன்.