நனைந்த சேலையோடு எழும்புதல்

நான் இயன்மருத்துவர். விழுந்தவர்களையும் விழக்கூடியவர்களையும் மறுபடி நடக்க வைப்பதுதான் என் வேலை. ஆனாலும் "இந்த முறை தேருக்கு அடியழிக்கப்போறன்" என்று அம்மா சொன்னபோது பயந்துபோனேன்.

அடியழிப்பதென்றால், தேருக்குப் பின்னால் பெண்கள் முழங்காலில் இறங்கி, கைகளை முன்னால் நீட்டி, நெற்றியை மண்ணில் வைத்து வணங்கி, எழும்பி, கை தொட்ட இடம்வரை நடந்து, மறுபடி இறங்குவார்கள். கோயில் வீதி முழுவதும் இப்படித்தான். எனக்கு டெங்கு வந்து மோசமாகக் கிடந்தபோது அம்மா வைத்த நேர்த்திக்கடன் அது. அதை நிறைவேற்றுமுன்னரே ஒரு மாரி மழையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் கால்கள் பலமிழந்துவிட்டன. அலுமாரியைப் பிடிக்காமல் எழும்ப முடியாது.

"உனக்காக வைச்ச நேர்த்தி. நீயே மறிக்கிறியோ?"

மறிக்க முடியவில்லை. மனதுக்குள் பயிற்சிகளுக்கு வரிசை போட்டேன். முதலில் தொடைத் தசை, பிறகு கணுக்கால், பிறகு சமநிலை, கடைசியாகத் தரையிலிருந்து எழும்புவது. கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு கதிரையிலிருந்து எழும்பி, மெதுவாகத் திரும்ப உட்காரவைத்தேன். சோறு வேகும்வரை குசினி மேசையைப் பிடித்தபடி குதிக்காலை உயர்த்தவைத்தேன். பிறகு பாய் விரித்து, முழங்காலில் நின்று, ஒரு காலை அகட்டி முன்னால் ஊன்றி எழும்பப் பழக்கினேன். கோயிலில் திருவிழாக் கொடி ஏறும் நாளுக்குள் அம்மா பிடிமானமில்லாமல் எழும்பப் பழகிவிட்டார். ஒவ்வொரு முறையும் என் கை தானாகவே அவரின் முதுகுக்குப் பின்னால் போனது.

அந்த வாரம் ஒரு காலை, அம்மா முழுகிவிட்டு ஈரச் சேலையோடு கிணற்றடியிலிருந்து வந்தார். சேலை இரண்டு கால்களையும் சேர்த்து ஒட்டியிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழகியதெல்லாம் வீட்டில் போடும் தொளதொளத்த சோட்டிச் சட்டையோடு. அடியழிப்பவர்கள் முழுகி, ஈரச் சேலையோடுதான் வருவார்கள். சுடுமணல், விரதம், சனநெரிசல் எல்லாவற்றையும் யோசித்த நான் சேலையை யோசிக்கவில்லை.

"அம்மா, உப்பிடியே ஒருக்கா முழங்காலிலை இருந்து எழும்புங்கோ."

"உனக்கு விசரே?"

இருந்தாலும் இறங்கினார். காலை அகட்ட முடியவில்லை. சேலை விளிம்பு பாதத்தில் சிக்க, பக்கவாட்டில் சரிந்தார். பாய்ந்து பிடித்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அயல்வீட்டு மாமி எட்டிப் பார்த்தார். "என்னக்கா, சூரன்போர் வரமுதலே சூரன் விழுந்திட்டானோ?"

"விழுத்தினது என்ரை மகள்தான்!"

இருவரும் சிரித்தார்கள். நான் அம்மாவின் தோளை விடவில்லை.

மிச்ச நாட்களில் முறையை மாற்றினேன். சேலையைச் சற்று உயர்த்தித் தளர்வாகக் கட்டி, கால்விரல்களை மண்ணில் ஊன்றி, இரண்டு கைகளாலும் தள்ளி, இடுப்பை உயர்த்தி எழும்ப வேண்டும். குனிந்து உடனே நிமிர்ந்தால் தலை சுற்றும். அதனால் நிமிர்ந்ததும் மூச்சு எடுத்த பிறகே அடி வைக்க வேண்டும்.

"விரதமெண்டாலும் பாலாவது குடியுங்கோம்மா."

"எனக்கு விரதம் பழக்கப்போறியோ? குடிப்பன், போ."

தேரன்று பக்கத்திலேயே நடந்தேன். தெற்கு வீதியில் நன்றாகவே செய்தார். மேற்கு வீதியில் மணல் ஆழம். அம்மாவின் தொடை நடுங்கத் தொடங்கியது. வேறு யாரென்றாலும் அந்த நடுக்கத்தைக் கண்டதும் நிறுத்தச் சொல்லியிருப்பேன். அம்மாவிடம் கையை மட்டும் நீட்டினேன்.

"தொடாதை. பாத்துக்கொண்டு வா."

வடக்கு வீதிக்குத் திரும்பும் இடத்தில் நெற்றியை மண்ணில் வைத்தவர் எழும்பவில்லை. பின்னால் வந்த பெண்கள் விலகிப் போனார்கள். நான் குந்தினேன்.

"அம்மா? தலை சுத்துதோ?"

"பொறு. கதைச்சுக்கொண்டிருக்கிறன்."

தேர் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது. பிறகு கைகளை ஊன்றி, இடுப்பை உயர்த்தி, தள்ளாடி நிமிர்ந்தார். மூச்சு எடுத்தார். மறுபடி இறங்கவில்லை. தேரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நடக்கத் தொடங்கினார்.

"இந்த வருசம் இவ்வளவும்தான். மிச்சம் வாற வருசம் எண்டு தேரிலை இருக்கிறவருக்குச் சொல்லிப்போட்டன்."

"அவர் ஓமெண்டவரோ?"

"ஓமெண்ட மாதிரித்தான் கிடந்தது."

என் தோளில் கையை வைத்தார். உடலின் பாரம் முழுவதையும் அதில் சாய்த்தார். அடுத்த வருடம் அவருக்கு இன்னும் ஒரு வயது கூடியிருக்கும். ஓட்டோ நிற்கும் இடம்வரை அம்மாவின் பாதங்களை மட்டுமே பார்த்துக்கொண்டு நடந்தேன்.