ரவுட்டருக்கு எத்தனை கொம்பு?

ரவுட்டர் ஒழுங்காக ஓடும்வரை அதை விற்றவளை யாரும் நினைப்பதில்லை. நின்றுவிட்டால் மட்டும் அவளுடைய குலம் கோத்திரமெல்லாம் ஞாபகத்துக்கு வரும். பதுளையில் ஒரு போன் கடையின் முன்பக்கம் மேசை போட்டு நான் செய்கிற தொழில் இதுதான். சின்னதாக ஒரு கடை வைத்து, பில் போடும் நேரம் பார்த்துச் சுற்றத் தொடங்கும் அந்த வட்டத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே கட்சி.

கொம்புக் கணக்கு

சிவலிங்கம் முதலாளிக்குப் பதுளை, லுணுகலை, மொனராகலை என்று மூன்று ஊரில் ஹாட்வெயார் கடை. மூன்றுக்கும் ரவுட்டர் வேண்டுமென்று வந்தார். அந்த மூன்றும் கைக்கு வந்தால் மேசையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஓர் அறை பிடிக்கலாம். என் மனசு அப்போதே பெயர்ப்பலகை எழுதத் தொடங்கிவிட்டது.

அவர் கண்ணெல்லாம் மேல்தட்டில் எட்டு ஆண்டெனாவோடு உட்கார்ந்திருந்த பெட்டி மேல். நான் இரண்டு ஆண்டெனா உள்ளதை எடுத்து வைத்தேன். ஒரு பில் கம்ப்யூட்டர், ஒரு கார்ட் மெஷின், நாலு போன், இவ்வளவுக்கும் இது தாராளம். சிம் போட்டால் போதும். விலையும் பாதி. எல்லாவற்றுக்கும் மேலாக, இதன் அடாப்டர் எரிந்தால் இதே தெருவில் வாங்கலாம், அதற்கு எரிந்தால் கொழும்புக்குத்தான் போகவேண்டும் என்று மூச்சு விடாமல் சொன்னேன். "சரிம்மா, கடைக்கு வந்து மாட்டிப் பூட்டுற ஆளு யாரு?" என்றார். நான்தான் என்றேன். மேலும் கீழும் பார்த்தார். முதலில் லுணுகலையில் ஒரு மாதம் ஓடட்டும், ஒரு முழு நாள் நின்றாலும் மற்ற இரண்டு கடையையும் மறந்துவிடு என்று நிபந்தனை போட்டார். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ரெண்டு கொம்பு மாட்டுக்குப் போதும்மா, எங் கடைக்குப் போதுமா?"

கண் படாத இடம்

நாலாம் நாளே போன் வந்தது. லுணுகலைக் கடையைப் பார்த்துக்கொள்கிற ராமையா அண்ணன். "தங்கச்சி, சிக்னல் சுத்தமா இல்ல." பஸ் பிடித்து ஓடினேன். ஜன்னலோரம் டவர் பக்கமாகப் பார்த்து நான் வைத்த ரவுட்டரை அங்கே காணவில்லை. வயரைப் பிடித்துக்கொண்டே போனால் அது ஓர் இரும்பு அலுமாரிக்குள் நுழைந்தது. அலுமாரிக்குப் பூட்டு. திறந்தால் உள்ளே சிவப்பு விளக்கோடு என் ரவுட்டர், ஆணிப் பெட்டிகளுக்கு நடுவில்.

இரும்புக்குள் அடைத்தால் சிக்னல் எந்த வழியாக அண்ணே வரும் என்று கேட்டேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. திரும்பவும் ஜன்னலில் வைத்தேன். அவர் தன் பங்குக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டுச் சொன்னார்:

"புதுச் சாமான் தங்கச்சி, வெளிய வச்சா ஊருக் கண்ணு பட்டுறாதா?"

பஸ் நின்ற காரணம்

அடுத்த முறைப்பாடு, பில் ஆமை வேகத்தில் போகிறது என்று. போய்ப் பார்த்தேன். கடைக்கு எதிரே பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேரும் தலையைக் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வைத்த பாஸ்வேர்டை ராமையா அண்ணன் மாற்றியிருந்தார், மறக்காமலிருக்க வேண்டுமாம். புதியது கடையின் போன் நம்பர். அது பெயர்ப்பலகையிலேயே பெரிதாக எழுதியிருக்கிறது!

எல்லாரையும் ஒரேயடியாக வெட்டிவிடத்தான் நினைத்தேன். ஆனால் தோட்டத்திலிருந்து சாமான் வாங்க வந்த ஓர் அக்கா, குவைத்தில் வேலை செய்கிற மகளிடம் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். மனசு வரவில்லை. பில்லுக்குத் தனிப் பெயரும் பாஸ்வேர்டும் வைத்தேன், வெளியாட்களுக்கு வேகத்தைக் குறைத்து வேறொன்று கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து எப்படியிருக்கிறது என்று கேட்டதற்கு அண்ணன் சொன்னார்:

"பில்லு பறக்குது தங்கச்சி, பஸ்ஸுதான் கெளம்ப மாட்டேங்குது."

இடி இடித்த மத்தியானம்

மாதம் முடிய இரண்டே நாள் இருந்தது. எங்கள் ஊவா மாகாணத்தில் மத்தியானத்து இடி எப்படியென்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. வானம் கறுத்தால் பிளக்கைக் கழற்றுங்கள் என்று நூறு முறை சொல்லியிருந்தேன். இரண்டரை மணிக்கு அண்ணன் போன் பண்ணினார்: "செத்துப்போச்சு தங்கச்சி." எனக்கு அழுகையே வந்துவிட்டது. அறை, பெயர்ப்பலகை எல்லாம் ஒரு நொடியில் போய்விட்டது. ஆனாலும் ஒரு புது அடாப்டரைப் பைக்குள் போட்டேன். வெளியே ஆண்டெனா ஏற்ற வேண்டி வந்தாலும் வரும் என்று மடக்கு ஏணியையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ஏணிக்கும் சீட்டு வேண்டுமா என்று கண்டக்டர் வழி நெடுகக் கிண்டலடித்தார்.

போய் இறங்கினால் கடைவாசலில் சிவலிங்கம் முதலாளி, மொனராகலையிலிருந்து வரும் வழியில் இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். கருகிப்போன அடாப்டரைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினேன். அரை நிமிஷம், ஒரு நிமிஷம். பச்சை விளக்கு வந்தது. பில் கம்ப்யூட்டரும் வேலை செய்தது.

முதலாளி ராமையா அண்ணன் பக்கம் திரும்பினார். "எல்லாத்தையும் கழட்டுனவன் இதை ஏன்டா விட்ட?" அண்ணன் தலையைச் சொறிந்தார். "நீங்கதானே மொதலாளி வாட்ஸப்புல வந்து, 'எல்லாத்தையும் கழட்டிட்டியா, கழட்டிட்டியா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்க. இதையும் கழட்டிட்டா உங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

முதலாளி இருமினார். மணிக்கூட்டைப் பார்த்தார், முழு நாள் ஆகவில்லை. பிறகு சுவரில் சாய்ந்திருந்த என் ஏணியைப் பார்த்துச் சொன்னார்:

"மொனராகலைக்கு வர்றப்ப இதைத் தூக்கிட்டு வராதம்மா, ஹாட்வெயார் கடையில ஏணி இல்லாமலா இருக்கும்?"

ஆகவே அன்பர்களே, ரவுட்டர் வாங்கும்போது பெட்டியில் எழுதியிருப்பதை ஒரு கண்ணால் பாருங்கள், அது செத்த அன்றைக்கு அடுத்த பஸ்ஸில் ஏறி வரக்கூடியவர்தானா விற்கிறவர் என்பதை மற்றக் கண்ணால் பாருங்கள்.